ஏழு சொற்கள்

இந்தோனேசிய மக்களுள் நூற்றுக்கு 85இற்கும் மேற்பட்டோர் முஸ்லிம்கள். அந்நாட்டின் சமயப் பன்மையைப் பற்றி எழுதுவோர், பொறோபுதூரையும் பிரம்பனானையும் காட்டி அமைவதே பெருவழக்கு. யாவாத் தீவிலே 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளில் பௌத்தப் பெருந்தூபியும், சிவனை நடுநாயகமாகக் கொண்ட கோயிற்றொகுதியும் எழுந்தமை வியத்தற்குரியதே. ஆயினும் கற்கள் எவரோடும் பிணங்குவதில்லை. வெவ்வேறு நெறியினரான மக்கள் ஓரரசின்கீழ் எவ்வாறு வாழ்வர் என்ற வினாவுக்கு விடையைச் சட்டத்தின் சொற்களிலே தேடல்வேண்டும்.

1945 ஜூன் 22ஆந் திகதி வரையப்பெற்ற ஜக்கார்த்தாச் சாசனம், இறைநம்பிக்கையை அரசின் அடிப்படையாக வகுத்தது. அத்துடன், இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் சரீஅத்தின்படி ஒழுகும் கடப்பாடுடையர் எனப் பொருள்படும் ஏழு சொற்களையும் அது கொண்டிருந்தது. கிழக்குத் தீவுகளின் கிறித்தவர் அச்சொற்களை ஏற்க மறுத்தனர். முகம்மது ஹத்தா முஸ்லிம் தலைவர்களுடன் கலந்துபேசி அவர்தம் இசைவைப் பெற்றார். சுதந்திரப் பிரகடனத்தின் மறுநாளாகிய ஓகஸ்ட் 18இல் அவ்வேழு சொற்களும் நீக்கப்பட்டன. எண்ணிக்கையின் வலிமையால் வைத்திருக்கக்கூடியதைப் பெரும்பான்மையினர் விட்டுக்கொடுத்தனர். அதனை இழப்பாகக் கருதியோரும் பலர்; 1950களின் யாப்பு மன்றத்திலே அவ்விவாதம் மீண்டும் எழுந்தது.

நீக்கிய சொற்களை நோக்குவோர் பின்னர் எழுதிய பட்டியலையும் நோக்கவேண்டும். 1965ஆம் ஆண்டின் சனாதிபதி ஆணையொன்று ஆறு சமயங்களைப் பெயர்சுட்டியது. தீவுகளின் தொன்மையான மரபு நெறிகள் அவற்றுள் இடம்பெறவில்லை. பட்டியலிலிருந்த கொன்பூசிய நெறியுங்கூட 1967இன் பின் ஒடுக்கப்பட்டது. நஹ்தலத்துல் உலமா என்ற முஸ்லிம் பேரமைப்பின் தலைவராயிருந்த அப்துர் ரஹ்மான் வாஹித், சனாதிபதியான பின் 2000ஆம் ஆண்டில் அத்தடையை அகற்றினார்.

மரபு நெறியினரோ இன்னும் காத்திருந்தனர். ஆள் அடையாள அட்டையின் சமயக் கட்டத்தை அவர்கள் வெறுமையாக விடவோ, தம்முடையதல்லாத சமயமொன்றின் பெயரைப் பதியவோ நேர்ந்தது. வெற்றுக் கட்டம் ஐயத்தை விளைத்தது. பிறிதொரு பெயர் மனச்சான்றை உறுத்தியது. 2017ஆம் ஆண்டிலேயே யாப்பு நீதிமன்றம் அவர்தம் நம்பிக்கைக்கு அக்கட்டத்தில் இடமளித்தது. ஏனைய சமயங்கள் கடல்கடந்து வருமுன்னரே அத்தீவுகளில் வேரூன்றியிருந்த நெறிகளுக்கு, விடுதலையின் பின்னும் 72 ஆண்டுகள் சென்றன.

ஏழு சொற்களை விட்டுக்கொடுத்த பெருந்தன்மையும், ஒரு சிறு கட்டத்தைத் தரத் தயங்கிய சிறுமையும் ஒரே நாட்டின் வரலாறே. அதன் பன்மையை மதிப்பிட விழைவோர், பொறோபுதூரின் படிகளை ஏறுமுன் இவ்விரண்டையும் ஒருங்குவைத்து எண்ணுவாராக.