கூடமாட உதவி

சத்தீஸ்கர் மாநிலம் கொண்டாகாவ் பக்கத்தில் கட்வா சமூகத்தார் வீடுகள் மூன்றுக்குப் போனேன். பித்தளையில் டோக்ரா உருவங்கள் வார்ப்பது அவர்களுடைய பரம்பரைத் தொழில். மூன்று வீட்டுப் பெண்களும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள்: “அவர்தான் செய்வார் தீதி. நான் கூடமாட உதவி செய்வேன்.”

அந்த உதவி என்னவென்று உட்கார்ந்து பார்த்தேன். களிமண்ணும் உமியும் பிசைந்து கரு பிடிப்பது முதல் வேலை. அது காய்ந்ததும் வழவழப்பாகத் தேய்க்க வேண்டும். பிறகு தேன்மெழுகைக் குங்கிலியத்தோடு காய்ச்சி, வடிகட்டி, துளைத்தட்டு வைத்த குழலில் இட்டு அழுத்தினால் இடியாப்பம் போல இழை இழையாக வரும். இந்த மெழுகு இழையைக் கருவின்மேல் நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். யானையின் நெற்றிப்பட்டம், அம்மனின் கொண்டை, மயிலின் கழுத்து எல்லாமே இந்த இழைதான். கை சூடேறினால் மெழுகு குழையும், குளிர்ந்தால் ஒடியும். நான் பார்த்த பெண் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, அடுப்பில் பருப்பையும் ஒரு கண் பார்த்துக்கொண்டு, ஒரு மயில் கழுத்தை முடிக்க முற்பகல் முழுவதும் எடுத்துக்கொண்டார்.

அதன்மேல் மென்மண் பூச்சு, பிறகு கரடுமண் பூச்சு. சூளையில் வைத்தால் மெழுகு உருகி வெளியேறும். அந்த இடைவெளியில் உருக்கிய பித்தளை இறங்கும். அச்சை உடைத்துத்தான் உருவத்தை எடுக்க முடியும் என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று வராது. சுவாமிமலையிலும் மெழுகு வார்ப்புதான், ஆனால் அங்கே சிலை பெரும்பாலும் கெட்டி. இங்கே உள்ளே மண் கரு. மொகஞ்சதாரோவில் 1926இல் கிடைத்த நடனப்பெண் சிலையும் மெழுகு வார்ப்பே என்று இந்தத் தொழிலைப் பற்றிய எல்லாத் துண்டறிக்கையும் பெருமையாகச் சொல்லும். அந்தச் சிலைக்கு மெழுகு பிடித்த கை எவருடையது என்று அவற்றில் ஒன்றுகூடக் கேட்பதில்லை.

வார்ப்பு நடக்கும் சில மணி நேரம்தான் ஆணின் மேடை. நெருப்பு, புகை, கொதிக்கும் உலோகம் என்று புகைப்படக்காரர்கள் வருவதும் அப்போதுதான். ஆபத்தான வேலை, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாட்கணக்கில் நடந்த வேலைக்கு ‘உதவி’ என்றும், இந்தச் சில மணி நேரத்துக்குக் ‘கலை’ என்றும் பெயர் வந்தது எப்படி?

மெழுகு உருகி மறைவதைப் பெண் உழைப்புக்கு உவமையாகச் சொல்லத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெண் சுற்றிய இழை ஒவ்வொன்றும் பித்தளையில் அப்படியே கிடக்கிறது. விரலால் தடவிப் பார்க்கலாம்.

சிற்பி மீரா முகர்ஜியை இங்கே நினைக்காமல் முடியாது. கல்கத்தாவிலும் மியூனிக்கிலும் படித்துவிட்டு, பஸ்தருக்கு வந்து இதே கைவினைஞர்களிடம் வார்ப்பு கற்றுக்கொண்டவர். ஆளுயரத்துக்கும் மேலான வெண்கலங்களை வார்த்தவர். நாடெங்கும் அலைந்து அவர் எழுதிய ஆய்வு நூல் 1978இல் வந்தது. அதன் பெயர் ‘மெட்டல்கிராஃப்ட்ஸ்மென் ஆஃப் இந்தியா’. ஒரு பெண் எழுதிய புத்தகத்தின் அட்டையிலேயே ஆண்கள்தான் நிற்கிறார்கள். தமிழில் ‘கைவினைஞர்’ என்றால் பால் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனதில் யார் வந்து நிற்கிறார் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மயில் செய்த பெண்ணிடம், உருவத்தின் அடியில் உங்கள் பெயரையும் பொறித்தால் என்ன என்று கேட்டேன். சிரித்தார். “பெயர் போட்டால் எடை கூடுமா தீதி?”

எனக்கு உடனே புரியவில்லை. அவர் விளக்கினார். வியாபாரி கிலோ கணக்கில்தான் எடுக்கிறார். இழையை மெல்லிசாகச் சுற்றி நுணுக்கமாகச் செய்தால் உருவம் எடை குறையும், காசும் குறையும். தடியாகச் சுற்றினால் வேலை சீக்கிரம் முடியும், காசும் கூடும். பித்தளைக்கும் கரிக்கும் கடன் வாங்கிய பணம் போக மிஞ்சுவது கணவர் கையில் வரும். இழைக்கு என்று தனியாக எந்தக் கணக்கும் கிடையாது.

அப்படியானால் ஏன் இவ்வளவு மெல்லிசாகச் சுற்றுகிறீர்கள் என்றேன்.

“தடியா சுத்தினா மயில் மாதிரி இருக்காதே” என்றார், அடுத்த இழையை எடுத்துக்கொண்டே.