என்னைப் பிடிக்காமல் நிறுத்தியவர்களுக்கு

கல்முனைக்குடி ஊராருக்கும், சாய்ந்தமருது, மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு என்று சுற்றிலும் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கும்,



எனக்குப் பார்க்கின்சன் நோய் என்பது நீங்கள் அறிந்த சங்கதி. 1996இல் அட்லாண்டாவில் இதே நோயிருந்த குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி நடுங்கும் கையோடு ஒலிம்பிக் சுடர் ஏற்றியதை உலகமே பார்த்தது. இந்த நோய் என்றால் எல்லாருக்கும் அந்த நடுக்கம்தான் ஞாபகம் வரும். நடுக்கத்தால் எனக்குப் பெரிய கரைச்சல் இல்லை. தேத்தண்ணி சிந்தும், துடைத்தால் போயிற்று. கரைச்சல் எல்லாம் விழுவதில்தான். அதைவிட, விழாமல் நிற்கும்போதே விழப்போகிறாய் என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருப்பதில்.

சும்மா நிற்பேன். யாரோ பின்னாலிருந்து சேர்ட்டைப் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். நரம்பியல் டொக்டர் இதைச் சோதித்த விதம் எளிது. "பின்னால இழுக்கப் போறன், விழாம நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, என் இரண்டு தோளையும் பிடித்துச் சட்டென்று இழுத்தார். சுகமான ஆள் ஓரிரு அடி பின்வைத்துச் சமாளித்துவிடுவார். என் கால் அசையவே இல்லை. அப்படியே அவர் நெஞ்சில் சாய்ந்தேன். நடுமூளையில் டோபமின் சுரக்கும் உயிரணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வரும் நோய் இது. மற்றவர்கள் யோசிக்காமலே சரிசெய்யும் தடுமாற்றத்தை நான் யோசித்துத்தான் சரிசெய்ய வேண்டும். யோசித்து முடிவதற்குள் தரைக்கு வந்துவிடுவேன்.

முதல் நன்றி மருந்துக்கு. 1937இல் சென்னையில், பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுகூடத்தில், தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்தார்கள். அதே லெவோடோபாதான் இன்று என் மாத்திரையில் இருக்கிறது. (இதை வாசித்துவிட்டு யாரும் பூனைக்காலி விதையை அரைத்துக் கொண்டுவர வேண்டாம். அளவு தெரியாமல் எடுப்பது ஆபத்து.) 2022இல் நாடெங்கும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கட்டாரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். மாத்திரை இறுக்கத்தைத் தளர்த்தும், நடைக்கு வேகம் தரும். ஆனால் போன சமநிலையை அது அவ்வளவாகத் திருப்பித் தருவதில்லை. அந்தக் குறையை நிரப்பியவர்கள் நீங்கள்.

காரைதீவுத் தங்கச்சி ஒருவர் எனக்கு நடக்கப் பழக்கினார். "சேர், நின்ற இடத்திலேயே திரும்பாதீங்க, ஒரு வட்டம் எடுத்துத் திரும்புங்க. கால் ஒட்டிக்கிட்டா இழுக்காதீங்க. நில்லுங்க, மூச்சு விடுங்க, பிறகு பெரிசா ஒரு அடி வையுங்க." அறுபது தாண்டிய வாத்தியாருக்கு அடியெடுத்து வைக்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்ற எண்ணம் அவர் முகத்தில் ஒருநாளும் தெரிந்ததில்லை.

வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்கிறவன், பள்ளிவாசலுக்குள் போனதும் நடப்பேன். அங்கே தொழுகை வரிசைக்கான ஸஃப் கோடுகள் குறுக்காகக் கிடக்கின்றன. ஒவ்வொரு கோட்டையும் தாண்டிக் கால் வைத்தால் நடை தானாக வருகிறது. இந்த நோயாளிகளுக்குத் தரையில் குறுக்குக் கோடு போட்டுக் கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். அதைக் கேள்விப்பட்ட என் மருமகன், வீட்டுக் கதவடியிலிருந்து குளியலறை வரை சிவப்பு டேப் ஒட்டினார். குளியலறையில் பைப் கைப்பிடியும் பூட்டினார். சாரம் காலில் சிக்காதபடி மனைவி இரண்டு அங்குலம் மடித்துத் தைத்துவிட்டாள்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாருக்குத் தனி நன்றி. ஒற்றைக் காலில் நின்று கால் கழுவ என்னால் முடியாது என்று கண்டு, வுழூச் செய்யுமிடத்தில் ஒரு ஸ்டூல் வைத்தார். நெற்றியைத் தரையில் வைக்கும் ஸுஜூதிலிருந்து எழும்போது இரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும் என்று சொன்னதும், ஸஃபின் ஓரத்தில் ஒரு கதிரை வந்தது. நிற்க முடியாதவன் இருந்து தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அந்தச் சலுகைக்குக் கதிரை போட்டவர் அவர்.

தெருவில் நீங்கள் செய்வதும் சின்ன விசயமில்லை. முன்பெல்லாம் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் பின்னாலிருந்து ஸலாம் சொல்வார்கள்; திரும்பிப் பார்த்து நான் விழுந்திருக்கிறேன். இப்போது எனக்கு முன்னால் வந்து, வண்டியை நிறுத்தி, நான் நின்ற பிறகு பேசுகிறீர்கள். நடப்பதும் கதைப்பதும் ஒரே நேரத்தில் எனக்கு ஆகாது என்று விளங்கிக்கொண்டீர்கள். ஓட்டோத் தம்பி என் கையைப் பிடித்து இழுப்பதில்லை; தன் முழங்கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறான். இழுத்தால் இருவரும் விழுவோம். நீட்டினால் நானே பிடித்துக்கொள்வேன். ஒருமுறை வெளியூர் ஆள் ஒருவர் என் தள்ளாட்டத்தைப் பார்த்துக் குடித்திருப்பதாகச் சொன்னபோது, கடைக்கார மச்சான் சண்டை பிடிக்கவில்லை. "வருத்தக்காரர், கொஞ்சம் வழி விடுங்க" என்றார், அவ்வளவுதான்.

நான் ஆம்பிளை. பள்ளிக்குப் போகிறேன், தெருவுக்கு வருகிறேன். என் தடுமாற்றம் உங்கள் கண்ணில் பட்டது, உதவினீர்கள். இதே நோய் உள்ள உம்மாமார், ராத்தாமார் குசினியிலும் கிணற்றடியிலும் விழுகிறார்கள். "வயசாச்சு" என்று ஒரு சொல்லோடு அது முடிந்துவிடுகிறது. எனக்குச் செய்ததை அவர்களுக்கும் செய்யுங்கள். அடிக்கடி விழுகிறார் என்றால் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். இரவில் ஒரு சின்ன பல்ப் எரியட்டும். குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பூட்டிக் கொடுங்கள்.



உங்கள்,
ஓய்வுபெற்ற வாத்தியார்