அடுத்த வெட்டுக்கு

பேராவூரணிப் பக்கத்துத் தென்னைக் கிராமங்களில் காலத்தை வெட்டுகளால்தான் கணக்கிட்டோம். நாற்பத்தைந்து நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் ஒரு தேங்காய் வெட்டு. மளிகைக் கடையில் “அடுத்த வெட்டுக்குத் தந்துடுறேண்ணே” என்றால் போதும். கடைக்கார அண்ணன் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசியை நிறுத்துக் கொடுத்துவிடுவார். பள்ளிக்கூடச் செலவு, காதுகுத்து மொய், அப்பாயியின் கண் ஆபரேஷன் எல்லாம் ஏதோ ஒரு வெட்டை எதிர்பார்த்துத் தள்ளிப்போகும். இப்போது திருப்பூரில் எனக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமையானால் கைக்குக் காசு வந்துவிடுகிறது. ஆனாலும் கட்டாயம் வரும் என்று நம்பிக் காத்திருந்த அந்த நாட்களுக்காகத்தான் மனசு ஏங்குகிறது.

எங்கள் தென்னந்தோப்பே தப்பிக்கக் கண்ட ஒரு வழிதான். எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கால்வாய் அது. அதை நம்பி எங்கள் பெரியவர்கள் நெல் போட்டார்கள். காவிரியில் தண்ணீர் குறைந்தபோது முதலில் காய்ந்தது நாங்கள்தான். ஆழ்குழாய் போட்டு, வயல்களில் தென்னம்பிள்ளை நட்டார்கள். தண்ணீர் பொய்த்தபோதே கிளம்பியிருக்க வேண்டிய குடும்பங்களை ஊரோடு பிடித்து வைத்தது தென்னைதான்.

சித்திரை வெயிலில்கூடத் தோப்புக்குள் வெளிச்சம் பச்சையாகத்தான் இறங்கும். பகலெல்லாம் கட்டிலை அங்கேதான் போடுவோம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஊறவைத்த மட்டையில் கீற்று முடைவார்கள்; கை நிற்காது, பேச்சும் நிற்காது. ஊர்ச் சேதி முழுக்க அங்கேதான் பிறக்கும். நெற்று விழும் சத்தத்தை வைத்தே எந்த மரம் என்று அப்பா சொல்லிவிடுவார். தோப்புக்குள் நடக்கும் யாரும் தன்னை அறியாமல் ஒருமுறை மேலே அண்ணாந்து பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போக வெகுநாள் ஆனது.

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்று கடற்கரையோடு நிற்காமல் மேற்கே நெடுந்தூரம் உள்ளே போனது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சல்லிவேர்கள் மேல்மண்ணில் பரந்து பிடித்திருக்கும். உச்சியிலோ முப்பது நாற்பது மட்டைகளும் காய்க்குலைகளும். மழையில் மண் இளகி, உச்சியைக் காற்று பிடித்துச் சுழற்றினால் மரம் என்ன செய்யும்? சில வேரோடு சாய்ந்தன. சில நடுவில் முறிந்தன. சில நின்றன, ஆனால் கொண்டை திருகிக் குருத்து ஒடிந்து, அடுத்த மாதங்களில் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. வேலியோரத்துப் பனைகள் மட்டும் அசையாமல் நின்றன. எங்கள் ஊரில் வெட்டி விற்ற பனைகளை நினைத்து இப்போதும் வயிறு எரிகிறது.

மரத்துக்கு 600 ரூபாய், அதை அறுத்து அப்புறப்படுத்த 500 ரூபாய், ஆக 1,100 என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்குப் போட்டு 1,92,500 ரூபாய். நெட்டை ரகம் காய்க்க ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும், குட்டை ரகத்துக்கும் மூன்று நான்கு வருடம். அதுவரை வெட்டே கிடையாது. அந்த இடைவெளியை எந்தப் பணம் நிரப்பும்? அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. பணம் மரத்துக்கு வந்தது. மரத்தை நம்பி வாழ்ந்தவர்களுக்கு வரவில்லை. மரம் ஏறியவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த அக்கா, லோடு ஏற்றியவர் யாருக்கும் பட்டா கிடையாது. முதலில் ஊரைவிட்டுப் போனது அவர்கள்தான்.

புயலடித்த வாரத்தில் எங்களில் யாரும் ஊரைவிட்டுப் போகவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத இருட்டில், கிடந்த மரங்களை அறுத்துக்கொண்டு அங்கேயேதான் இருந்தோம். கிளம்பியது பிறகு: குழுக்கடன் தவணை வந்தபோது, மளிகைக்கடை அண்ணன் நோட்டை மூடி வைத்தபோது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் திறந்தபோது. கொஞ்சம் பணம் புரட்ட முடிந்தவர்கள் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பினார்கள். மற்றவர்கள் திருப்பூர் பஸ் ஏறினார்கள். பஸ் கட்டணத்துக்கும் அட்வான்ஸுக்கும் வழியில்லாதவர்கள் ஊரிலேயே தங்கிப்போனார்கள். அவர்களைத்தான் நான் அதிகம் நினைக்கிறேன்.

அதனால் எங்களை யாரும் புயலால் போனவர்கள் என்று சொல்வதில்லை. பிழைக்கப் போனவர்கள் என்கிறார்கள். பருவநிலை மாற்றத்தால் 2050க்குள் 21.6 கோடிப் பேர் வரை தங்கள் நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக்கூடும் என்று உலக வங்கி 2021இல் கணித்தது. அப்படிப் போகிறவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போலத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். கையில் ஒரு பை, ராத்திரி பஸ், விடிந்தால் பனியன் கம்பெனி வாசல். எந்தக் கணக்கில் அவர்களைச் சேர்ப்பார்கள்?

புதிதாக வைத்த பிள்ளைகள் இப்போது காய்க்கின்றன. தோப்பைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். வெட்டு எப்போது, காய் என்ன விலை என்று சித்தப்பா போனில் சொல்வார். மரம் ஏற ஆள் கிடைப்பதில்லை என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்வார். ஏறியவரின் மகன் என் கம்பெனியிலேயே செக்கிங்கில் இருக்கிறான். என் பிள்ளைகளுக்குத் திருப்பூர்தான் ஊர். விடுமுறைக்குப் போனால் இரண்டாம் நாளே திரும்பலாமா என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அங்கே போய் இருக்க வேண்டும். கடன் சொல்லி அரிசி வாங்க வேண்டும், அடுத்த வெட்டுக்குத் தருகிறேன் என்று.