பாக்கெட்டில் கிடக்க வேண்டிய கத்தி

விலை உயர்ந்த மடக்குக்கத்தி சேகரிக்கிறவர்களில் பலர் அதை வெல்வெட் பெட்டியை விட்டு வெளியே எடுப்பதே இல்லை. கீறல் விழுந்தால் மறுவிலை போகாதாம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

இப்போது என் பேன்ட் பாக்கெட்டில் இருப்பது கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா என்ற மடக்குக்கத்தி. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் போய்சி நகரில் செய்வது. புதிதாக வாங்கினால் 400 டாலரைத் தாண்டும் (வீட்டில் சொல்லவில்லை!). டைட்டானியப் பிடி. அந்தப் பிடியிலேயே நீளவாக்கில் கீறிவிட்ட ஒரு பட்டை, அலகு முழுதாகத் திறந்ததும் உள்பக்கமாக நகர்ந்து அதன் அடியில் முட்டுக்கொடுக்கும். பூட்டே அதுதான், தனியாக வேறு கிடையாது. கட்டைவிரலால் தள்ளும்போது கொஞ்சமும் ஆட்டமில்லாமல் வழுக்கிக்கொண்டு வரும் பாருங்கள், அதற்குத்தான் அந்தக் காசு.

கூரியர் அட்டைப்பெட்டி, அரிசி மூட்டைத் தையல், கொய்யாக்காய், எல்லாவற்றுக்கும் இதுதான். சாவிக்கொத்தோடு உரசிப் பிடியெல்லாம் கோடு. போகட்டும். பழம் நறுக்கிய அன்று மட்டும் கழுவித் துடைத்து, அலகு சுழலும் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவேன்.

மடக்குக்கத்தி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: விமானம் ஏறும் நாளில் அதைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். கைப்பையில் இருந்தால் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள்.