கடைசி வரிகளில் இருந்த பெயர்கள்

கடையில் வாங்கும் சாம்பார்பொடியில் வெந்தயம் இருக்கிறதா, பெருங்காயம் இருக்கிறதா என்று யாரும் கவலைப்படுவதில்லை. வீட்டில் அரைக்க உட்கார்ந்தால்தான் எந்த டப்பா காலி என்பது தெரியும். செல்போனில் ஒரு தட்டு தட்டினால் வந்து உட்காரும் செயலிகள் கடைப்பொடி. யாரோ எழுதிய மூலநிரலை இறக்கி, அதை நம் கணினியிலேயே இயங்கும் மென்பொருளாகக் கட்டிக்கொள்வது வீட்டில் அரைப்பது.

அப்படி அரைக்க வேண்டிய நிலை ஒரு குடும்பத் தலைவிக்கு வந்தது. பிள்ளைகளுக்காக வேலையை விட்டு எட்டு வருடம். இப்போது சேமிப்பிலிருந்து பணம் கட்டி ஓர் இணையவழிப் பயிற்சியில் சேர்ந்திருந்தார். பயிற்சியில் புதிய பைத்தான் கேட்டார்கள். வீட்டில் இருந்ததோ பழைய மடிக்கணினி. அதன் உபுண்டுவில் பழைய பைத்தான். புதுக் கணினிக்கு வழியில்லை. மூலநிரலை இறக்கினார்.

வேலை என்னவோ மூன்றே கட்டளைதான். கான்ஃபிகர் என்றால் கணினியில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று சோதிக்கும். மேக் என்றால் கட்டும். மூன்றாவது, கட்டியதை உரிய இடத்தில் வைக்கும். முதல் கட்டளையே நின்றுவிட்டது: சி கம்பைலர் இல்லையாம். பில்ட்-எசென்ஷியல் என்ற பொதியை நிறுவியதும் அது சரியானது. அடுத்து, எல்லாம் முடிந்து நிறுவும் நேரத்தில், ஸெட்லிப் இல்லை என்று நின்றது.

இங்கேதான் அவருக்குக் குழப்பம். ஸெட்லிப் என்பது தரவைச் சுருக்கி விரிக்கும் சிறிய நிரல்தொகுப்பு. ஜான்-லூப் கைலியும் மார்க் ஆட்லரும் எழுதி 1995-ல் வெளியிட்டது. அது இல்லாத லினக்ஸ் கணினியைப் பார்ப்பது அரிது. இவருடையதிலும் இருந்தது. இருந்தும் இல்லை என்கிறதே?

அக்கா மகன் பொறியியல் கடைசி வருடம். போனில் கேட்டார்.

"ஓட்டல்ல சமையல்காரர் இருக்காரு சித்தி, மெனு கார்டு இல்லை. எதை எந்தப் பேர் சொல்லிக் கேக்கறதுன்னு மேக்குக்குத் தெரியல."

அவன் சொன்னது சரி. ஏற்கெனவே கட்டிய மென்பொருள் ஓடுவதற்கு ஸெட்லிப் இருந்தால் போதும். புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கோ, அதில் என்னென்ன செயல்கள் உண்டு, எப்படி அழைப்பது என்று சொல்லும் தலைப்புக் கோப்புகளும் வேண்டும். பெரும்பாலானவர்கள் சாப்பிட மட்டுமே வருகிறவர்கள் என்பதால் டெபியன், உபுண்டு குடும்பத்தில் அந்த மெனு கார்டைத் தனிப் பொதியாக வைத்துவிடுகிறார்கள். பெயர் 'டெவ்' என்று முடியும். ஆனால், பிழைச்செய்தி சொல்லும் பெயரோடு டெவ் சேர்த்தால் கிடைத்துவிடும் என்று நம்பக்கூடாது. ஸெட்லிப்பின் பொதிக்கு 'ஸெட்லிப்-1-ஜி-டெவ்' என்று பெயர். நடுவில் அந்த ஒன்றும் ஜியும் இல்லாமல் தேடி அரை நாளை விட்டவர்கள் நிறைய. ஓப்பன்எஸ்எஸ்எல்லும் அன்றைக்கே இதேபோல் சண்டை போட்டது, அதையும் சமாளித்தார். பைத்தான் ஓடியது.

பத்து நாள் நிம்மதி. சின்னதாக ஒரு தொல்லை மட்டும்: பைத்தானுக்குள் மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய வரி வராமல் ஏதோ கிறுக்கல் விழுந்தது. சின்னவன் விசைப்பலகையில் பால் கொட்டியதுதான் காரணம் என்று முடிவு செய்து, அவனுக்கு ஒரு அதட்டலும் கிடைத்தது, பாவம். பிறகு, பயிற்சிக் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டிய நாளின் மாலையில், எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளப் பகுதியே இல்லை என்று பைத்தான் கையை விரித்தது.

"சித்தி, மேக் முடிஞ்சப்போ கடைசியில என்ன எழுதியிருந்துச்சு?"

"முடிஞ்சதுன்னுதான்டா இருந்துச்சு."

"அதுக்கு மேல?"

அதற்கு மேல் பார்க்கவில்லை. மறுபடி மேக் ஓட்டிப் பார்த்தால், நூற்றுக்கணக்கான வரிகளுக்குப் பின், பிழை என்ற சொல்லே இல்லாமல், இந்த விருப்பப் பகுதிகளுக்குத் தேவையானவை கிடைக்கவில்லை என்று அடக்கமாக ஒரு பட்டியல். எஸ்க்யூலைட், எல்இஸட்எம்ஏ, டிகின்டர், இன்னும் சில. ரீட்லைனும் அதில் இருந்தது. அம்புக்குறியின் கிறுக்கலுக்கு அதுதான் காரணம், பால் அல்ல. விருப்பம் யாருடையது என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. கூச்சல் போட்டு நின்ற ஸெட்லிப் எவ்வளவோ தேவலை.

தேவையான எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் கொண்டுவர 'ஆப்ட் பில்ட்-டெப்' இருக்கிறது என்றான் அவன். இவர் ஒப்பவில்லை. எது எதற்கு என்று தெரிந்தாக வேண்டும். ஒவ்வொரு டெவ் பொதியாகத் தேடிப் போட்டு, பழைய கட்டுமானத்தை அழித்து, கான்ஃபிகரிலிருந்தே மறுபடி தொடங்கினார். நிறுவும்போது மறக்காமல் 'ஆல்ட்-இன்ஸ்டால்' கொடுக்கச் சொன்னான். அப்போதுதான் பைத்தான்-3 என்று அழைத்தால் பழையபடி உபுண்டுவின் பைத்தானே வரும்.

மேக் ஓடிக்கொண்டிருந்தபோது எல்இஸட்எம்ஏவின் கதையையும் சொன்னான். அது எக்ஸ்-இஸட் என்ற திட்டத்திலிருந்து வருவது. லாஸ்ஸே கோலின் என்பவர் சம்பளமில்லாமல் பல வருடம் கவனித்து வந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்லபிள்ளையாக வேலைசெய்து, வெளியீட்டுப் பொறுப்பையே கையில் வாங்கினார். 2024-ல் வந்த 5.6.0, 5.6.1 இரண்டிலும் திருட்டு வாசல் இருந்தது. அதைத் திறக்கும் வரிகள், எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை. கட்டுவதற்கென்று இறக்கும் பொதிக்குள் இருந்தன. தொலைவிலிருக்கும் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் அரை நொடி தாமதிப்பதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தோண்டிப் பார்த்து மார்ச் 29-ல் உலகுக்குச் சொன்னார்.

"அப்போ நான் இதைப் போடலாமா, கூடாதாடா?"

"தாராளமா போடுங்க. உங்க உபுண்டுல இருக்கறது அதுக்கும் முந்தினது."

பழைய மடிக்கணினியால் கிடைத்த முதல் லாபம் என்று சிரித்தார். மேக் முடிந்தது. இந்த முறை கடைசி வரிகளை மேலே நகர்த்தி நகர்த்திப் படித்தார். பட்டியலில் ஒரே பெயர் மிச்சம்: திரையில் சன்னல் வரையும் டிகின்டர். பயிற்சியில் அதற்கு வேலையில்லை என்பதால் வேண்டுமென்றே விட்டது. எஸ்க்யூலைட்டை ஒருமுறை அழைத்துப் பார்த்தார், வந்தது. மணி 9.40. சமர்ப்பிக்க நள்ளிரவு வரை நேரம் இருந்தது.