கல் கருடன் புறப்பாடு

பங்குனியில் குடவாசல் பேருந்து நிலையத்தில் நின்றால், எந்த ஊரில் என்ன திருவிழா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிற்கிறவர்களின் கையைப் பார்த்தால் போதும். மஞ்சள் துணியும் வேப்பிலைக் கொத்தும் இருந்தால் வலங்கைமான் மாரியம்மன். அங்கே பாடைக்காவடி. பிழைக்கமாட்டார் என்று வீட்டார் கைவிட்ட ஒருவர் எழுந்து நடமாடி, வேண்டிக்கொண்டபடியே பாடையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு அம்மனைச் சுற்றி வருவார். பெரியவர்கள் கையில் விசிறியும் பிள்ளைகள் முகத்தில் அவசரமும் இருந்தால் திருவாரூர் ஆழித்தேர். துளசி மாலையை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தால் நாச்சியார்கோயில்.

இன்று துளசிதான் அதிகம்.

ஆற்றில் தண்ணீர் இல்லை. ஜனவரி 28-ல் மேட்டூரை மூடினால் அதற்கப்புறம் குடமுருட்டி மணலும் நாணலும்தான். சம்பா அறுத்த வயலில் விதைத்த உளுந்தும் பயறும் காய்ந்து, பறித்த செடிகளைச் சாலையிலேயே பரப்பியிருக்கிறார்கள். ஓடுகிற பேருந்தின் சக்கரம் போரடித்துக் கொடுக்கிறது. டெல்டாக்காரர்களின் கையில் நாலு காசும் உடம்புக்குக் கொஞ்சம் ஓய்வும் ஒரே சமயத்தில் வாய்க்கிற மாதம் இது. இத்தனை திருவிழாக்கள் பங்குனியில் வந்து குவிந்ததற்கு நட்சத்திரம் மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பேருந்து வர நேரமிருக்கிறது. கோணேசுவரர் கோயிலில் ஆளே இல்லை. மேற்குப் பார்த்த மாடக்கோயில். கோச்செங்கணான் எடுப்பித்தது என்பார்கள். சம்பந்தர் இரண்டு பதிகம் பாடியிருக்கிறார். அவருக்கும் முன்னால், சங்கப் பாடல்கள் எழுதிய குடவாயிற் கீரத்தனாருக்கு ஊர் இதுதான். எதிரே அமிர்த தீர்த்தம் வெயிலில் அசையாமல் கிடக்கிறது. தாயின் அடிமைத்தளையை அறுக்க அமிர்த கலசத்தைச் சுமந்து பறந்து வந்த கருடனை இந்த இடத்தில் ஓர் அசுரன் மறித்தான் என்கிறது தலபுராணம். கருடன் கலசத்தை ஒரு புற்றின் மேல் வைத்துவிட்டுச் சண்டைக்குப் போனான். திரும்பி வந்தபோது கலசம் புற்றுக்குள் இறங்கியிருந்தது. அலகால் புற்றைக் கிழித்தான், உள்ளே லிங்கம். சிவன் கோயிலுக்குக் கருடன் மூலகாரணமாக இருக்கிற ஊர் இது. அந்தக் கருடன் கல்லாக அமர்ந்திருப்பது இங்கிருந்து கும்பகோணம் போகிற சாலையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் இருக்கிற நாச்சியார்கோயிலில்.

குருக்கள் ஒருவர் நடையைத் திறந்து வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்திருக்கிறார். இன்று இங்கே யாரும் வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் விளக்குக்கு எண்ணெய் விடுகிறார்.

பேருந்து திருச்சேறை வழியாகப் போகிறது. ஜன்னலோரத்தில் ஒரு பாட்டி. பக்கத்தில் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்ததாகத் தெரிகிற பேத்தி. பெண்ணுக்குத் தமிழ் புரிகிறது, பேச வரவில்லை. பாட்டி ஒவ்வொரு ஊராகக் காட்டிக்கொண்டு வருகிறாள். திருச்சேறை வந்ததும், "இங்கேதான் தைப்பூசத்துக்குத் தேர். உங்கம்மா சின்னப் பிள்ளையிலே தொலைஞ்சு போனது இங்கதான்" என்கிறாள். பெண் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு வெளியே பார்க்கத் தொடங்குகிறாள்.

நாச்சியார்கோயில் கடைத்தெருவில் குத்துவிளக்குகள் உயர வரிசையில் நிற்கின்றன. சாணளவு அகலிலிருந்து ஆள் உயரம் வரைக்கும். அன்னம் வைத்தது, கிளி வைத்தது. ஆற்று வண்டலில் அச்சுப் பிடித்துப் பித்தளையை வார்த்து, கடைசல் பிடித்து எடுக்கிற பட்டறைகளை இன்று சீக்கிரமே அடைத்துவிட்டார்கள். கடைசலில் நிற்கிற இளைஞர்கள் கை கழுவிக்கொண்டு கோயில் பக்கம் நடக்கிறார்கள். விரல் இடுக்கில் பித்தளைத் தூள் இன்னும் மினுங்குகிறது.

கோயில் வாசலில் மின்வாரிய ஊழியர்கள் மூங்கில் கழியோடு தயாராக இருக்கிறார்கள். பலூன்காரர், பஞ்சுமிட்டாய், கரும்புச்சாறு. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி கேமராவோடு கோபுரத்தடியில் தயங்கி நிற்கிறார்கள்; உள்ளே எதுவரை போகலாம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பூக்கடைப் பெண் ஒன்றும் பேசாமல் இரண்டு முக்காலிகளை இழுத்துப் போட்டு, உட்காரும்படி கையைக் காட்டுகிறாள். உட்கார்ந்ததும் ஆளுக்கொரு துண்டு மல்லிகை. காசு நீட்டுகிறார்கள். தலையை ஆட்டி மறுத்துவிட்டு மாலை கட்டப் போய்விடுகிறாள்.

காத்திருக்கிற நேரம் நீளமானது. வருகிறவர்களுக்கென்று நாட்டில் எத்தனையோ விழாக்கள் இருக்கின்றன. மாமல்லபுரத்தில் டிசம்பர், ஜனவரியில் நாட்டிய விழா. சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி. திருவையாற்றில் பகுள பஞ்சமியன்று எல்லோரும் சேர்ந்து பாடுகிற பஞ்சரத்னம். கடலோரத்துக்குப் போனால் ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடிகிற வேளாங்கண்ணி, நாகூரின் 14 நாள் கந்தூரி. சிலவற்றில் மேடை உண்டு, நாற்காலி உண்டு, நிகழ்ச்சி நிரல் உண்டு. அவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. நாட்டியாஞ்சலியில் ஆட வருகிற பெண்ணுக்கு அது பூசைதான். ஆனால் இந்த முற்றத்தில் பார்வையாளருக்கென்று ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. எங்கே நிற்பது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தோள் இருக்கிறவன் வாகனத்தைச் சுமக்கும் வாரையின் பக்கம் போகிறான், இல்லாதவன் சுவரோரம் ஒதுங்குகிறான்.

திருநறையூர் என்பது ஊரின் பழைய பெயர். இந்தக் கோயிலும் கோச்செங்கணான் கட்டியது என்கிறார்கள். ஈசனுக்கு எழுபது மாடக்கோயில் எடுத்த சோழன் இந்தப் பெருமாளிடம் வந்து சேர்ந்ததைத் திருமங்கையாழ்வார் இவ்வூர்ப் பதிகத்திலேயே பாடியிருக்கிறார். தாயார் வஞ்சுளவல்லிக்குத்தான் இங்கே முதலிடம். ஊரே நாச்சியாரின் கோயிலாகிவிட்டது. வீதி உலாவிலும் அவள் முன்னே, பெருமாள் பின்னே. அவள் ஏறுவது அன்னம். அவர் ஏறுவது கருடன். அன்னத்தின் நடை மெதுவானது. கருடனின் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. அதனால்தான் கருடன் தன் எடையைக் கூட்டிக்கொண்டே போய் நடையைத் தளர்த்திக்கொள்கிறான் என்கிறார்கள் ஊரார். மனைவியின் நடைக்குப் பெருமாளின் வாகனம் தன்னை ஒடுக்கிக்கொள்கிற இந்தக் கதையை எந்தப் பெண் கேட்டாலும் முகத்தில் ஒரு மலர்ச்சி வருகிறது. பேருந்தில் வந்த பாட்டி பேத்தியிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் தடவையாக.

பெரும்பாலான கோயில்களில் மூலவர் அசையமாட்டார். வெளியே வருவது உற்சவர். இங்கே கல் கருடனுக்கு அந்தப் பிரிவினை இல்லை. மூலவரும் அவர், உற்சவரும் அவர். சன்னதியில் ஆண்டு முழுதும் அருச்சனை ஏற்கிற அதே கல் திருமேனிதான் மார்கழியில் ஒரு முறையும் பங்குனியில் ஒரு முறையும், உற்சவத்தின் நான்காம் நாள், தோளேறி வருகிறது. அமிர்த கலசம் என்ற பெயரில் அவருக்கு ஒரு நைவேத்தியம் உண்டு. குடவாசலில் புற்றின் மேல் இறக்கி வைத்த கலசம் நினைவுக்கு வருகிறது.

மேளம் மாறுகிறது. கூட்டம் ஒரு கணம் அடங்கி, மறுகணம் முன்னே தள்ளுகிறது.

சன்னதிக்குள் 4 பேர். திரை விலகியதும் அவர்கள் தூக்குகிறார்கள். 4 பேர் ஒரு கற்சிலையைத் தூக்குவதை இவ்வளவு பக்கத்தில் பார்த்தால் முதலில் கவனத்துக்கு வருவது அவர்களுடைய கால்தான். கட்டைவிரல் தரையைப் பற்றுகிறது. கெண்டைக்காலில் நரம்பு புடைக்கிறது. யாரும் யாரையும் பார்ப்பதில்லை. முன்வரிசையில் நிற்பவர் அடித்தொண்டையில் ஓர் ஒலி எழுப்புகிறார். நால்வரும் அதற்கு அடி வைக்கிறார்கள்.

கொஞ்ச தூரத்தில் 8 பேர். பின்பு 16. சேர்கிறவர்கள் ஓடி வந்து சேர்வதில்லை. ஏற்கெனவே பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தவர்கள் ஒரு தோளைச் சாய்த்து உள்ளே நுழைகிறார்கள். வாரை அவர்கள் தோளில் இறங்குவதும் முந்தியவர்களின் முகம் சற்றுத் தெளிவதும் ஒரே வேளையில் நடக்கிறது. 32. இப்போது தனித்தனி முகங்கள் இல்லை. மடித்த துண்டுகளும் வியர்வையும்தான். வெளிப் பிராகாரத்தில் 64. வாசலைத் தாண்டும்போது 128 என்பது ஊர்க் கணக்கு. நான் எண்ணவில்லை, எண்ண முடிகிற கூட்டமும் இல்லை அது.

வாரைக்கு வெளியே ஒரு முதியவர் வருகிறார். வலத் தோளில், கழுத்துக்குப் பக்கத்தில், எலுமிச்சை அளவு காய்ப்பு. இப்போது அவரால் தூக்க முடியாது. கையை மட்டும் வாரையின் அடியில் கொடுத்தபடி கூடவே நடக்கிறார். பாரம் அவர் கைக்கு வரவில்லை. ஆனால் கூட்டம் தடுமாறுகிற இடத்தில் எல்லாரும் அவருடைய வாயைப் பார்க்கிறார்கள். "இடப்பக்கம் தாழுது, ஏத்துப்பா" என்கிறார். ஏறுகிறது. "பாத்து, பாத்து, கல்லு." தாண்டுகிறார்கள். சத்தம் அவ்வளவுதான். பல்லாண்டுகள் சுமந்த தோள் பார்வையாலேயே எடையை அறிந்துகொள்கிறது. இந்த அறிவு எந்தக் கையேட்டிலும் இல்லை. அடுத்தவர் பக்கத்திலேயே நடந்து பழகினால்தான் வரும்.

பாதம்தாங்கிகள் என்கிறார்கள் இவர்களை. அவர்களுக்கு நடுவே இன்று பகலில் வேறு ஊரிலிருந்து வந்து இறங்கிய பையன்களும் இருப்பது முதுகுப் பையைக் கோயில் சுவரோரம் குவித்திருப்பதில் தெரிகிறது. ஒருவன் அலுவலகச் சட்டையைக் கழற்றி நண்பனிடம் எறிந்துவிட்டு உள்ளே நுழைகிறான். கழுத்தில் அடையாள அட்டை அப்படியே கிடக்கிறது.

பெருமாள் ஏறியாயிற்று. குடை விரிகிறது. தாயார் முன்னே அன்னத்தில். தீவட்டி வெளிச்சத்தில் கருடனின் முகத்தில் ஈரம் மின்னுகிறது. வியர்க்கிறது என்று கூட்டம் கைகூப்புகிறது. பாட்டி பேத்தியின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "கண்ணு, மூக்குக்குக் கீழ பாரு, வேர்க்குது பாரு" என்கிறாள். அந்தப் பெண் பார்க்கிறாள். அவளுடைய உதடு ஏதோ சொல்ல எடுத்து, சொல்லாமல் மூடுகிறது. கைகள் மட்டும் தாமாகக் கூடுகின்றன.

முக்காலியில் இருந்த தம்பதி எழுந்து நின்றுவிட்டார்கள். கேமரா அந்த மனிதரின் மார்பில் தொங்குகிறது. கணவனும் மனைவியும் 128 தோள்களையும் பார்க்கவில்லை, மேலே இருப்பவரையும் பார்க்கவில்லை. தங்களுக்கு நேர் எதிரே, முழங்கால் நடுங்க ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிற ஒரே ஒரு இளைஞனைப் பார்க்கிறார்கள். அவன் திரும்பி முடித்ததும் அந்த அம்மாள் மூச்சை விடுகிறார். பக்கத்தில் நின்ற பூக்கடைப் பெண்ணும் அதே நேரத்தில் மூச்சை விடுகிறாள்.

வீதியில் நான்கு மூலையிலும் நிறுத்தி நிறுத்திப் போகிறார்கள். வீட்டு வாசல்களில் தேங்காய், சூடம், பானகக் குடம். தட்டு வாங்க வருகிற பட்டர் முன்னால் ஒரு வீட்டுக்காரர், அவர் முகத்திலேயே பசியைப் படித்தவர்போல, மோர் டம்ளரை நீட்டுகிறார்.

பெருங்கூட்டம் கலைவது இப்போதுதான். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிறது. தம்பதியின் வாடகைக் கார் ஹாரன் அடித்துக் கூப்பிடுகிறது. பலூன்காரர் மிச்சத்தைக் கட்டுகிறார். வீதி உலா பார்த்தாயிற்று, படம் எடுத்தாயிற்று என்று பாதிப்பேர் போய்விடுகிறார்கள். திரும்பி வருகிற வழியில்தான் கணக்கு தலைகீழாகிறது. 128 பேர் 64 ஆகிறார்கள். விலகியவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டு பக்கத்திலேயே நடக்கிறார்கள். 32. 16. எடை இறங்குகிறது என்பது நம்பிக்கை. தூக்குகிறவர்கள் முகத்தில் அது உண்மையாகவே தெரிகிறது: வரும்போது இறுகியிருந்த தாடைகள் தளர்ந்திருக்கின்றன, ஒருவன் சிரிக்கவும் சிரிக்கிறான். 8. சன்னதி வாசலில் மறுபடி 4 பேர். முதலில் தூக்கிய அதே கால்களா என்று தேடிப் பார்க்கிறேன். ஒருவரைத் தெரிகிறது. இறக்கி வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அவர் நிமிரவில்லை. காய்ப்புக்காரர் வந்து அவர் முதுகைத் தட்டுகிறார்.

பார்க்க வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மார்கழியும் பங்குனியும், நான்காம் நாள். கும்பகோணத்திலிருந்தும் பேருந்து உண்டு, குடவாசலிலிருந்தும் உண்டு. குடவாசல் வழி வந்தால் கருடன் கலசம் வைத்த கோயிலையும் பார்த்துவிட்டு வரலாம், அன்று அங்கே கூட்டம் இருக்காது. பொழுதோடு வந்துவிடுங்கள். வீதியில் பெருங்கூட்டத்தைப் பார்த்ததும் கிளம்பிவிடாதீர்கள். கடைசி 4 பேர் இறக்கி வைக்கும்வரை இருங்கள்.