நாலாவது கியரில் கேட்ட குரல்

அந்தக் காரில் வருவதை என் மனைவி எப்போது நிறுத்தினாள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. இன்றுவரை உறுத்துவது அதுதான்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம். ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் இங்கே வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களின் திருவிழா நடக்கும். 1995-ல் தொடங்கியது. நம் ஊரில் தேர் பார்க்க நிற்பதுபோல, சாலையோரம் நாற்காலி போட்டு ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். பல வருடம் அங்கே நின்று வேடிக்கை பார்த்தவன், ஒருநாள் நானே ஒன்றை வாங்கிவிட்டேன். 1969-ம் வருட போன்டியாக் ஜிடிஓ.

இந்த ரக கார்களுக்கு ‘மசில் கார்’ என்று பெயர். நடுத்தர அளவு காருக்குள் பெரிய காரின் என்ஜினைத் திணிப்பதுதான் சூத்திரம். 1964-ல் போன்டியாக் கம்பெனியின் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் டெம்பெஸ்ட் என்ற காரில் அப்படிச் செய்தபோது பிறந்ததுதான் ஜிடிஓ. என்னுடைய காரில் இருப்பது 6.6 லிட்டர் என்ஜின். சிக்னலில் நிற்கும்போதே வீட்டு ஜன்னல்கள் அதிரும்.

சிக்கல் ஹைவேயில்தான். அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் மொத்தமே மூன்று கியர். மூன்றாவது கியரில் என்ஜின் ஒரு சுற்று சுற்றினால், பின்னால் போகும் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று. அதற்கு மேல் மாற்ற எதுவுமில்லை. மணிக்கு 70 மைல், அதாவது 112 கிலோமீட்டரில் போனால், என்ஜின் நிமிடத்துக்கு 3,200 சுற்றுக்குப் பக்கத்தில் கத்திக்கொண்டே வரும். பெட்ரோல் மலிவாக இருந்த காலத்துக் கார். அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஆரம்பத்தில் என் மனைவியும் உற்சாகமாகத்தான் வந்தாள். பிறகு, “என்னங்க, ஒரு வார்த்தை பேச முடியலை. தலை வலிக்குது” என்றாள். “பழைய கார்னா அப்படித்தான்மா” என்றேன். அதன்பிறகு அவள் குறை சொல்லவில்லை. பரவாயில்லை, பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில், கோயிலுக்குப் போவதானாலும் நண்பர்கள் வீட்டுக்குப் போவதானாலும், அவள் பேசாமல் இன்னொரு காரின் சாவியை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கவனிக்கவே இல்லை.

கவனித்தபோது, ‘ஓவர்டிரைவ்’ உள்ள கியர் பாக்ஸாக மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. நம் ஊர் கார்களில் ஹைவேயில் ஐந்தாவது கியர் போட்டதும் என்ஜின் சத்தம் அடங்குமே, அதேதான். நான் தேர்ந்தெடுத்தது ஜெனரல் மோட்டார்ஸின் ‘200-4ஆர்’ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக். நான்காவது கியரில் ஷாஃப்ட் 100 சுற்று சுற்ற, என்ஜின் 67 சுற்று சுற்றினால் போதும். 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக 1981-ல் வந்தது இது. ஊதாரிப் பிள்ளைக்கு சிக்கனமான மருமகள் வாய்த்த மாதிரி!

இன்னொரு காரணமும் உண்டு. போன்டியாக் என்ஜினின் பின்பக்க போல்ட் துளைகள் செவ்ரோலே என்ஜினிலிருந்து வேறுபட்டவை. 200-4ஆரின் முன்பக்கத்தில் இரண்டுக்கும் பொருந்தும்படி துளைகள் உண்டு. கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் நகர்த்த வேண்டியதில்லை. ஷாஃப்ட்டின் முனையில் செருகும் யோக்கை மட்டும் மாற்ற வேண்டும். பழையதில் 32 பல், புதியதில் 27 பல்.

50 கிலோவுக்கு மேல் எடையுள்ள அந்தப் பெட்டியை, ஜாக்கி வைத்து, நண்பர் ஒருவர் துணையோடு இரண்டு வார இறுதிகளில் மாட்டிவிட்டேன். ஓட்டிப் பார்த்தால், கியர் மாறுவதே தெரியவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

மூன்றாவது வாரம், ஒரு மேட்டில் ஏறும்போது என்ஜின் உறுமியது. கார் நகரவில்லை. வீட்டுக்கு இழுத்து வந்து ஆயிலைப் பார்த்தேன். கறுத்துப்போய், தீய்ந்த வாடை அடித்தது.

கியர் பாக்ஸைப் பிரித்துப் பார்த்த வயதான மெக்கானிக், கருகிய கிளட்ச் தகடுகளை மேஜையில் பரப்பிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “டிவி கேபிளை எப்படி மாட்டினாய்?”

டிவி என்றால் தொலைக்காட்சி அல்ல. த்ராட்டில் வால்வ். கார்புரேட்டரிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் ஒரு மெல்லிய கம்பி. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை அதுதான் கியர் பாக்ஸுக்குச் சொல்லும். அதற்கேற்ப உள்ளே ஆயில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம்தான் கிளட்ச் தகடுகளை இறுக்கிப் பிடிக்கிறது. கம்பி தளர்ந்திருந்தால் அழுத்தம் குறையும், தகடுகள் வழுக்கும், வழுக்கி வழுக்கிக் கருகும்.

என் பழைய கியர் பாக்ஸில் இப்படி ஒரு கம்பியே கிடையாது. என்ஜினின் வேக்குவம்தான் அந்த வேலையைச் செய்தது. அதனால் இதை ஏதோ உபரி கம்பி என்று நினைத்து, கார்புரேட்டர் லீவரில் கைக்கு எட்டிய துளையில் மாட்டிவிட்டேன்.

“அவ்வளவு மென்மையாக மாறியதே...” என்றேன் பரிதாபமாக.

“அது மென்மை இல்லை. வழுக்கல்” என்றார் அவர்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது. சத்தமில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் நினைத்தது, கியர் பாக்ஸ் விஷயத்தில் மட்டும்தானா?

புதிய தகடுகள் போட்டு மறுபடி மாட்டியபோது அவசரப்படவில்லை. லீவரில் கம்பி சரியான தூரத்துக்கு இழுபடும்படி தனி பிராக்கெட் வாங்கினேன். கம்பியைச் சரிசெய்ய ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை முழுவதுமாக மிதிக்க வேண்டும். மனைவியைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

“முழுசா மிதி.”

“முழுசாத்தான் மிதிக்கிறேன்.”

“இங்கே முழுசா திறக்கலையே.”

குனிந்து பார்த்தாள். “கால் மிதியடி மடிஞ்சு பெடலுக்கு அடியில கிடக்குது. அது தடுக்குது. இதைக்கூடப் பாக்கலையா?”

பார்க்கவில்லை. மிதியடியை உருவி வெளியே போட்டுவிட்டு அவள் மறுபடி மிதித்தாள். கம்பியின் பூட்டு ‘கிர்ர்ர்’ என்று பல் பல்லாக நகர்ந்து, சரியான இடத்தில் நின்றது. அழுத்தமானியை மாட்டிப் பார்த்தேன். மிதிக்க மிதிக்க முள் ஏறியது.

இப்போது கியர் மாறும்போது முதுகில் லேசாகத் தட்டுவதுபோல ஓர் அழுத்தம் தெரியும். அந்தத் தட்டு இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

அக்டோபரில், மரங்கள் எல்லாம் சிவந்திருந்த ஒரு சனிக்கிழமை, வடக்கே மேக்கினாக் பாலம் பார்க்கக் கிளம்பினோம். எந்தச் சாவியை எடுப்பாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எதையும் எடுக்கவில்லை. ஃபிளாஸ்க்கையும் புளியோதரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்து ஜிடிஓவில் ஏறினாள். ஹைவேயில் 70 மைல் தொட்டதும் நாலாவது கியர் விழுந்தது. முள் 2,100-ல் நின்றது. என்ஜின் தூரத்து மேகம் மாதிரி முனகியது.

அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள்.

“என்னங்க, நான் பேசறது கேக்குதா?”

“நல்லாக் கேக்குது!”

“அப்போ சொல்லுங்க. கருகிப்போச்சே அந்த கியர் பாக்ஸ், அதைச் சரிபண்ண எவ்வளவு ஆச்சு?”

பேச்சை மாற்ற ரேடியோவைத் திருகினேன். 1969-ம் வருட ரேடியோ. அது என்றைக்குமே பாடியதில்லை.

பாலம் வருவதற்கு இன்னும் 200 மைல் இருந்தது. சொல்ல ஆரம்பித்தேன்.